பேய் பங்களாவுக்கு டேப்போடு போவோம்!

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)

ஊருக்கு ஒரு பேய் பங்களா உண்டு. அது பங்களாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மூடிப்போன நூல் மில்லாக இருக்கலாம். ஓடு சரிந்த ரயில்வே குவார்ட்டர்ஸாக இருக்கலாம். கடைசி ஆட்டம் ஓடிப் பல வருஷமான சினிமாக் கொட்டகையாகவும் இருக்கலாம். பஸ்ஸில் கடக்கும்போது ஜன்னல் வழியாக எல்லாருமே ஒரு தரம் எட்டிப் பார்ப்போம். உள்ளே என்னதான் இருக்கும்? எதிர் டீக்கடையில் கேட்டால் தூக்குப் போட்டுச் செத்த ஒரு பெண்ணின் கதை நிச்சயம் கிடைக்கும். (எல்லா ஊரிலும் வெள்ளைப் புடவைதான். வேறு கலர் கட்டிய பேயை இதுவரை யாரும் பார்த்ததில்லை.)

நமக்கு வரும் இந்த ஆசைக்கு வெளிநாட்டில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 'அர்பன் எக்ஸ்ப்ளோரேஷன்'. கைவிடப்பட்ட கட்டடம், சுரங்கப் பாதை, பயன்பாட்டில் இல்லாத ரயில் நிலையம் என்று தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. மலை ஏறுகிறவன் மலைக்குப் போவது போல இவர்கள் கட்டடத்துக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் 1986ஆம் வருஷம் நம் வயதுப் பையன்கள் மூன்று பேர் 'கேவ் கிளான்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்து, மழைநீர் வடிகால்களுக்குள் நடந்து பார்த்தார்கள். கனடாவில் டொரான்டோ நகரத்து இளைஞர் ஜெஃப் சாப்மன் 'நிஞ்சாலிஷியஸ்' என்ற புனைபெயரில் 1996இல் இதற்காகவே ஒரு சிறு பத்திரிகை நடத்தினார். பாரிஸில் பூமிக்கு அடியில் பழைய கல் குவாரிச் சுரங்கங்கள் சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. 1793இல் அதற்குள் போன ஒரு மனிதரின் உடல் 1804இல்தான் கிடைத்தது. 1955இலிருந்து அங்கே அனுமதியில்லாமல் இறங்கத் தடை. இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

சரி, அவர்கள் கதை போதும். நம் கதைக்கு வருவோம்.

மற்றவர்கள் ஒரு பாழடைந்த கட்டடத்தைப் பார்த்தால் பாழடைந்த கட்டடம் மட்டும்தான் தெரியும். போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஆனால் டிப்ளமோ படிக்கிற நமக்கு அப்படியில்லை. சுவரில் ஓட்டை இருந்தால் அது எதற்காகப் போட்ட ஓட்டை என்று மெக்கானிக்கல் மாணவனால் சொல்ல முடியும். விரிசல் எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்பதை வைத்து அஸ்திவாரத்தின் எந்த மூலை இறங்கியிருக்கிறது என்று சிவில் மாணவனால் சொல்ல முடியும். புது பில்டிங்கில் எல்லாவற்றையும் பூச்சுக்கு உள்ளே மறைத்துவிடுகிறார்கள். பழைய கட்டடம் உடைந்து நின்று, தன்னை எப்படிக் கட்டினார்கள் என்று தானே காட்டுகிறது. காசு வாங்காத லேப் என்றால் மிகையாகாது. ஆனால் இந்த லேபில் ஃபர்ஸ்ட் எய்டு பெட்டி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சினிமாவில் வருகிற பாழடைந்த மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகியைக் கட்டி வைத்திருப்பார்கள், ஹீரோ பைக்கில் வந்து அட்டைப் பெட்டிகளை உடைப்பார். எத்தனையோ தமிழ்ப் படங்களில் அந்த இடம் சென்னை பெரம்பூர் பக்கம் இருந்த பின்னி மில்தான். பக்கிங்ஹாம் மில் 1876லும் கர்னாடிக் மில் 1881லும் வந்தவை. 1920இல் இரண்டும் ஒன்றாகின. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னை தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் ஆரம்பித்தது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1921இல் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தமும் இங்கேதான். 1996இல் மில்லை மூடினார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் ஷூட்டிங் நடந்தது, பின்னால் நிலம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டது. ஆக, ஹீரோ வில்லனைத் தூக்கி எறிகிற அந்த ஷெட்டில் நூறு வருஷத்துக்கு மேல் ஜனங்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். நம்மில் சில பேருடைய தாத்தாவும் இப்படி ஏதாவது ஒரு மில்லில் இருந்திருப்பார். அந்த மெஷின் எங்கே இருந்தது, வெளிச்சம் எப்படி வந்தது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஜே.சி.பி. வந்து போன பிறகு கேட்கவும் ஆள் இல்லை, பார்க்கவும் இடம் இல்லை.

வெளிச்சம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய மில் ஷெட்டுகளின் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பல்லிலும் செங்குத்தான பக்கம் கண்ணாடி, சாய்ந்த பக்கம் ஓடு அல்லது ஷீட். கண்ணாடி வடக்குப் பார்த்து இருக்கும். நேர் வெயில் விழாமல் வானத்தின் வெளிச்சம் மட்டும் உள்ளே வரட்டும் என்பதற்காக. இது இங்கிலாந்துக்காரன் ஐடியா. அங்கே சூரியன் நடுப்பகலில் எப்போதும் தெற்கே இருக்கும். நம் ஊரில் அப்படியா? சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். அதாவது சரியாகக் கத்திரி வெயில் சமயத்தில் 'வெயில் வராத' கண்ணாடி வழியாகவே வெயில் வரும்! அந்தக் கண்ணாடிகளுக்கு வெளிப்புறம் சின்னத் தகரத் தடுப்போ சுண்ணாம்புப் பூச்சோ எங்காவது தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க உள்ளே நுழையத் தேவையே இல்லை, ரோட்டில் நின்றால் போதும். புதிதாக ஆரம்பிக்கிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: முதல் மூன்று தடவை வெளியே நின்று பாருங்கள். பார்க்கத் தெரிந்தால் முக்கால்வாசி வெளியிலேயே கிடைத்துவிடும்.

உள்ளேயும் போய்ப் பார்க்க வேண்டும், யாரும் துரத்தவும் கூடாது என்றால் தனுஷ்கோடியில் ஆரம்பிக்கலாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம் என்று இருந்தது. அதுதான் போட் மெயில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு அடித்துக்கொண்டு போனது, நூறு பேருக்கு மேல் போனார்கள். பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 விழுந்துவிட்டன. அதை 46 நாளில் திரும்பக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஈ. ஸ்ரீதரன். பாலம் திரும்ப வந்தது, ஊர் வரவில்லை. குடியிருக்க லாயக்கில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது.

இன்றைக்கு அரிச்சல்முனை வரை நல்ல ரோடு இருக்கிறது, 2017இல் திறந்தார்கள். போகிறவர்கள் சர்ச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு சங்கு மாலை வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். நீங்கள் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். செங்கல் மட்டும் இல்லை, உள்ளே பவளப் பாறைத் துண்டுகள் தெரியும். கடல் ஓரத்தில் கிடைத்ததை வெட்டி சுண்ணாம்புக் காரையில் கட்டியிருக்கிறார்கள். கூரை எங்குமே இல்லை, ஆனால் தடித்த சுவரும் வளைவு போட்ட வாசலும் இன்னும் நிற்கின்றன. ஏன்? வளைவில் இரும்பு கிடையாது. கல்லும் சுண்ணாம்பும் அமுக்கத்தில் மட்டுமே நிற்கின்றன, துருப்பிடிக்க ஒன்றுமே இல்லை. உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா மாதிரி. தியரி ஆஃப் ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் வளைவைப் பற்றி ஐந்து மார்க்குக்கு எழுதுவதை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். சுவரில் பெயர் செதுக்காதீர்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் சேதம் செய்தால் 2 வருஷம் வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010இல் மத்திய சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். 'ரமேஷ் + சுதா' என்று பொறிப்பதற்கு அது ரொம்ப அதிக விலை.

சட்டம் என்று ஆரம்பித்தாயிற்று, முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பூட்டிக் கிடக்கிறது என்பதால் அது யாருடையதும் இல்லை என்று அர்த்தம் இல்லை. கோர்ட்டில் கேஸ் நடக்கலாம், பேங்க்கில் அடமானமாக இருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329ஆம் பிரிவு அத்துமீறி நுழைவதைப் பற்றியது. நிலத்துக்குள் என்றால் 3 மாதம் வரையும், கட்டடத்துக்குள் என்றால் 1 வருஷம் வரையும் சிறைத் தண்டனை உண்டு, அபராதம் 5,000 ரூபாய் வரை. குற்ற நோக்கம் இருந்ததா என்று சட்டம் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் ராத்திரி 11 மணிக்கு டார்ச்சோடும் கடப்பாரையோடும் நிற்கிறவனுடைய நோக்கத்தை ஏட்டய்யா எப்படிப் புரிந்துகொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். ரயில்வே இடம் இன்னும் கறார். 1989ஆம் வருஷ ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் அனுமதியில்லாமல் நுழைந்தாலே குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதை நமக்காக நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இந்த மலரைப் படிக்கிற பல பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. என் வீட்டிலும் அப்படித்தான். நம் பேரில் ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் ஸ்டேஷனுக்கு வந்து பேச வக்கீல் மாமா யாரும் கிடையாது. வேலை கிடைத்து போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது அந்த ஒரு பக்கம் நம்மோடு கூடவே வரும். டொரான்டோ பையன் சுவர் ஏறிக் குதித்ததைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நாம் கேட் வழியாகப் போவோம்.

அடுத்தது உயிர். இங்கேதான் நண்பர்கள் பாம்பைப் பற்றி மட்டும் பயப்படுகிறார்கள். பாம்பு இருக்கும்தான், ஷூ போட்டுத் தரையைத் தட்டிக்கொண்டு நடந்தால் அதுவே போய்விடும். தேன்கூடும் கதண்டுக் கூடும் பாம்பைவிட மோசம், புகை போடுகிற வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள்.

முதலாவது மாடி. பழைய கட்டடங்களில் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையை எல்லாரும் பார்த்திருப்போம். தேக்கு உத்திரம், அதன் மேல் வரிசையாகக் கட்டைகள், கட்டைகளுக்கு மேலே சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்திருப்பார்கள், அதற்கு மேலே செங்கல் ஜல்லிக் காரை, கடைசியில் தட்டோடு. கனம் அதிகம். கீழே நின்று பார்த்தால் உத்திரம் கருகருவென்று கெட்டியாகத் தெரியும். ஆனால் உத்திரம் முதலில் கெடுவது நடுவில் இல்லை, சுவருக்குள் நுழைந்திருக்கும் முனையில். அங்கேதான் ஈரம் தங்கும், கரையான் பிடிக்கும், நம் கண்ணுக்கும் தெரியாது. இருபது வருஷமாக நிற்கிறதே, நான் ஏறினால் மட்டும் விழுந்துவிடுமா என்று கேட்காதீர்கள். இருபது வருஷமாக அதன் மேல் யாரும் ஏறவில்லை என்பதுதான் விஷயம். சேப்பாக்கத்தில் 1768இல் ஆற்காடு நவாபுக்காகக் கட்டிய கலச மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தபோது கூரை இடிந்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். பயிற்சி பெற்ற ஆளுக்கே அந்தக் கதி.

கான்கிரீட் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு அடுத்தது. நல்ல கான்கிரீட் காரத் தன்மை உள்ளது. அந்தக் காரம் உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றுகிறது. வருஷக்கணக்கில் காற்றில் உள்ள கரியமில வாயு உள்ளே இறங்க இறங்கக் காரம் குறைகிறது. ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், ஆகவே கான்கிரீட்டை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். கம்பி போகிற வழியிலேயே நீளமாக விரிசல், பழுப்புக் கறை, தட்டினால் பொத்தென்று சத்தம் - இது எல்லாம் அதன் அடையாளம். ஸ்லாபில் இது அடிப்பக்கம் தெரியும், நாமும் உஷாராகிவிடுவோம்.

சன்ஷேடும் பால்கனியும் வேறு ஜாதி. இரண்டும் கான்டிலீவர். மெயின் கம்பி எங்கே இருக்கும்? மேலே! வைவாவில் தலைகீழாகச் சொல்லித் திட்டு வாங்காத ஆளே இல்லை. மழைத் தண்ணீர் தேங்குவதும் மேலேதான். ஆக, தாங்குகிற கம்பி, தண்ணீர் நிற்கிற பக்கத்தில் இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற நமக்குக் கெடாத பக்கம்தான் தெரியும். கான்டிலீவர் விழும்போது மெதுவாகத் தொங்கி எச்சரிக்கை கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, சுவர் ஓரத்தில் மடங்கி அப்படியே வரும். மழைக்கு ஒதுங்க நாம் எல்லாரும் போய் நிற்கிற இடம் எது? சன்ஷேடுக்கு அடியில்!

மழைக்குப் பிறகு தனியாக நிற்கும் சுவர் பக்கமும் போகக் கூடாது. மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, பெருமழையில் ஒரு காம்பவுண்டுச் சுவர் பக்கத்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தது எல்லாருக்கும் தெரியும். அது பாழடைந்த கட்டடம்கூட இல்லை. சிமெண்ட் ஷீட் கூரை மேல் ஏறுவது தற்கொலைக்குச் சமம். ஷீட் வளையாது, நேராக உடையும். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய ஷீட் என்றால் உடைந்த தூளை மூச்சில் இழுப்பதும் நுரையீரலுக்குக் கேடு.

கடைசியாகக் கிணறு, தொட்டி, சுரங்கம். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே ஆபத்துக் கணக்கில் சேர்க்கிறார்கள். 10க்குக் கீழே போனால் மயக்கம் வருகிறது என்று உணர்வதற்கு முன்பே மயங்கிவிடுவோம். மக்கிய இலை, தேங்கிய தண்ணீர், துருப்பிடிக்கும் இரும்பு எல்லாமே ஆக்சிஜனைத் தின்னும். அழுகிய முட்டை வாசனை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. வாசனை நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, அளவு கூடினால் மூக்கு வேலை செய்யாது. மெழுகுவத்தி ஏற்றிப் பார்ப்பது சினிமாவுக்குச் சரி. எரியும் வாயு இருந்தால் மெழுகுவத்தியே வெடி. இதில் கொடுமை, முதல் ஆள் விழுந்ததும் 'டேய் மச்சான்' என்று இரண்டாவது ஆள் இறங்குவதுதான். கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தன, 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். 2020 மே மாதம் மூடிய குழி ஒன்றில் இறங்கியவர்களில் மூன்று பேர் உயிரோடு திரும்பவில்லை. ஆகவே தரை மட்டத்துக்குக் கீழே எதுவும் வேண்டாம். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி.

இவ்வளவு சொன்ன பிறகு என்னதான் மிச்சம் என்று கேட்பீர்கள். நிறையவே மிச்சம். போன வருஷம் எங்கள் ஊர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு நெல் அரவை மில்லை நாங்கள் நாலு பேர் அளந்தோம். நான் சிவில், இன்னொருவனும் சிவில், ஒருவன் மெக்கானிக்கல், நாலாமவன் எலக்ட்ரிக்கல். வி.ஏ.ஓ. ஆபீசில் சர்வே நம்பரைச் சொல்லி விசாரித்து, பட்டா யார் பேரில் என்று தெரிந்துகொண்டு, துறைத் தலைவரிடம் சீல் வைத்த லெட்டர் வாங்கிக்கொண்டு உரிமையாளர் வீட்டுக்குப் போனோம். ஈஸி சேரில் சாய்ந்திருந்தார்.

"என்ன தம்பி, இடிஞ்சு கிடக்கறதுல என்னத்த அளக்கப் போறீங்க?"

"பிளான் போட்டு வைக்கலாம்னுதான்யா. இதுமாதிரி மில்லு இனிமே யாரும் கட்ட மாட்டாங்க."

"பிளானா... எங்க அப்பா பிளானே இல்லாமத்தான் கட்டினாரு. போங்க. மேல மட்டும் ஏறாதீங்க. கொத்தனாரு பசங்களே ஏற மாட்டேன்னுட்டானுங்க. பாய்லர் ரூம் பின்னால கிணறு ஒண்ணு இருக்கு, சப்பாத்தி மூடிப் போச்சு, அந்தப் பக்கம் தலை வைக்காதீங்க."

அவர் சொன்ன இந்த இரண்டு விஷயத்தை வேறு எப்படியும் நாங்கள் தெரிந்துகொண்டிருக்க முடியாது. அனுமதி கேட்பதில் சட்டத்தைவிடப் பெரிய லாபம் இதுதான். சுவர் ஏறிக் குதித்தவனுக்குக் கிணறு எங்கே என்று யாரும் சொல்லப் போவதில்லை.

கையில் கொண்டுபோனது: 30 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, ரேஞ்சிங் ராடு, கிராஃப் நோட்டு, டார்ச் ஆளுக்கு ஒன்று, ஹெல்மெட், தண்ணீர், ஃபர்ஸ்ட் எய்டு. டி.டி. ஊசி முன்னாலேயே போட்டுக்கொண்டோம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலும் ஹாஸ்டலிலும் சொல்லியாயிற்று. காலை 8 மணிக்கு ஆரம்பித்து வெளிச்சம் இருக்கும்போதே முடித்தோம்.

புகைபோக்கியின் உயரத்தை ஏறாமலே எடுத்தோம். 2 மீட்டர் ராடு நிழல் 1.25 மீட்டர். புகைபோக்கி நிழல் அடிச்சுவர் ஓரத்திலிருந்து 9.40 மீட்டர். அடியின் பாதி அகலம் 0.85 மீட்டர், அதைக் கூட்ட மறக்கக் கூடாது. ஏனென்றால் உச்சி, ஓரத்துக்கு நேரே இல்லை, நடுவுக்கு நேரே இருக்கிறது. 10.25ஐ 1.6ஆல் பெருக்கினால் 16.4 மீட்டர். கிட்டத்தட்ட 54 அடி.

மெஷின் எதுவுமே இல்லை, பழைய இரும்புக்காரர் எப்போதோ கொண்டுபோய்விட்டார். ஆனால் சுவரில் உயரே வரிசையாக பிராக்கெட் பதித்த தடம், ஒரு மூலையில் எடுக்க முடியாமல் விட்டுப்போன 4 அடி விட்டப் புல்லி. மெக்கானிக்கல் நண்பன் சந்தோஷத்தில் குதித்தான். "லைன் ஷாஃப்ட்டுடா! ஒரே எஞ்சின், ஒரே ஷாஃப்ட், அதுலேர்ந்து பெல்ட் போட்டு எல்லா மெஷினும் ஓடியிருக்கு." அப்படியானால் எஞ்சின் எங்கே? அந்தப் புல்லிக்கு நேராகக் குறுக்குச் சுவரில் மேலும் கீழுமாக இரண்டு நீளத் துளை. பெல்ட் போகவும் வரவும் விட்ட வழி. சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் கான்கிரீட் மேடை, அதில் நாலு போல்ட். கருடாயில் எஞ்சின் நின்ற இடம்.

இப்போது கேள்வி, எஞ்சின் புல்லி எவ்வளவு பெரியது? எஞ்சினே இல்லாமல் எப்படிச் சொல்வது? இரண்டு துளைக்கும் நடு-நடு தூரம் 3 அடி. போல்ட்டை வைத்துப் பார்த்தால் சுவர், எஞ்சினுக்கும் லைன் ஷாஃப்ட்டுக்கும் ஏறக்குறைய நட்ட நடுவில் நிற்கிறது. குறுக்கே மாறாத நேர் பெல்ட் என்றால், பெல்ட்டின் இரண்டு கையும் ஒரு பக்கம் 4 அடி விலகி ஆரம்பித்து மறுபக்கம் எஞ்சின் புல்லியின் விட்டத்தில் முடியும். நடுவில் 3 அடி என்றால் மறுமுனையில் 2 அடி. அதாவது எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஒரு சுற்று. சுவரில் இருந்த இரண்டு ஓட்டையை வைத்து, போய்விட்ட எஞ்சினின் புல்லி சைஸைக் கணக்குப் போட்டுவிட்டோம்! உரிமையாளரிடம் போய்ச் சொன்னபோது அவர் சேரிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "ரெண்டு அடிதான். சின்னப் பையனா இருக்கறப்ப என் இடுப்பு உசரம் இருக்கும்" என்றார்.

நெல் ஊறவைத்த தொட்டிகள் ஆறு. அவித்த நெல் காயப்போட்ட களம் 32 மீட்டருக்கு 21 மீட்டர், நடுவிலிருந்து நாலு பக்கமும் வாட்டம். எலக்ட்ரிக்கல் நண்பன் பீங்கான் ஃபியூஸ் கட்டையையும், மரப் பட்டையில் ஓடிய வயர் தடத்தையும் பின்பற்றி, எஞ்சினுக்குப் பிறகு மோட்டார் வந்தது எந்த மூலையில் என்று குறித்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. தை மாதம் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், இப்போது பிளாட் கல் ஊன்றியிருக்கிறது.

படத்தின் ஒரு பிரதி உரிமையாளர் வீட்டில், இன்னொன்று நம் சர்வே லேப் பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. 1:100 அளவில் வரைந்தது. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பாய்லர் அறைக்குப் பின்னால் மட்டும் புள்ளிக்கோடு போட்டு 'அளக்கப்படவில்லை, கிணறு' என்று எழுதியிருக்கும்.